விஞ்ஞான விளக்கம்: பொன்னைப் பொன்னாக்குவது எது?



இத்திங்கள் இப்பகுதியில் வேறொரு பொருளைப் பற்றி எழுதவே நாம் எண்ணியிருந்தோம். ஆயினும் சென்ற மாதம் நம் குடியிருப்பிலே நிகழ்ந்த ஒரு செயல் எமது எண்ணத்தை மாற்றிவிட்டது. நம் சங்கத்து உறுப்பினரான அம்மையார் ஒருவர், மகளின் திருமணத்திற்கென்று பல ஆண்டுகளாகக் காத்து வைத்திருந்த நான்கு சவரன் சங்கிலியைப் பறிகொடுத்து நிற்கிறார். அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம், பெயர் வேண்டுவதில்லை.

நடந்தது இதுதான். தமிழ் பேசும் ஒருவன் அவர் வீட்டு வாயிலுக்கு வந்தான். பிழைக்க வந்த ஊரில் நம் மொழி காதில் விழுந்தால் நம் வீட்டுக் கதவு தானே திறந்துகொள்ளும் என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான். சித்தர்களின் பெயர்களைச் சொன்னான். ரசவாதம் தன் குடும்ப வித்தை என்றான். ஒரு மண் மூசையில் சிறிது பாதரசத்தை ஊற்றி, ஏதோ பச்சிலைச் சாற்றைப் பிழிந்து, கரியடுப்பின்மேல் வைத்து ஊதினான். புகை அடங்கியபின் மூசையின் அடியில் ஒரு சிட்டிகை மஞ்சள் நிறப் பொடி கிடந்தது. "கடைத்தெருவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள், அம்மா" என்றான். அம்மையாரும் அவ்வாறே செய்தார். அசல் பொன் என்றே கடைக்காரர் சொன்னார்.

மறுநாள், "தாய்ப்பொன் இட்டால் இரு மடங்காகும்" என்று சொல்லிச் சங்கிலியை வாங்கினான். அதை மூசையில் இட்டு மூடி, மண்பூசி, மூன்று நாள் திறக்கலாகாது என்று கட்டளையிட்டுப் போனவன் போனவனே. நான்காம் நாள் திறந்து பார்த்தபோது உள்ளே கிடந்தவை சில செப்புத் துண்டுகள்.

ஆறுதல் கூறச் சென்ற எம்மிடம் அம்மையார் அழுதுகொண்டே இரண்டு கேள்விகள் கேட்டார். "ஏன் தம்பி, பால் தயிராகிறது, மண்ணை உருக்கினால் இரும்பாகிறது. பாதரசம் மட்டும் ஏன் பொன்னாகக் கூடாது?" என்பது ஒன்று. "கடையில் சோதித்துப் பார்த்தேனே, அது பொன்தானே? அது எங்கிருந்து வந்தது?" என்பது மற்றொன்று.

அங்கிருந்தவர்களில் ஓரிருவர் நகைத்தனர். எமக்கு நகைக்கத் தோன்றவில்லை. புவியீர்ப்பு விதியைக் கண்ட நியூட்டனே தம் வாழ்நாளில் பல ஆண்டுகளை ரசவாத ஆராய்ச்சியில் செலவிட்டவர். அவர் காலத்தில் இக்கேள்விக்கு விடை இல்லை, இன்று உண்டு. ஆனால் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எம்மால் அவ்விடத்திலேயே அதைத் தெளிவுறச் சொல்ல இயலவில்லை. "படித்தறிந்து நம் பத்திரிகையில் எழுதுகிறோம், அம்மா" என்று சொல்லி வந்தோம். அவ்வாக்கை இங்கே நிறைவேற்றுகிறோம்.

ஒரு சவரன், அதாவது எட்டு கிராம் எடையுள்ள கலப்பற்ற பொன்னை எடுத்துக்கொள்வோம். அதை இரண்டாக வெட்டினாலும் பொன். நூறாக வெட்டினாலும் பொன். இங்ஙனம் வெட்டிக்கொண்டே போனால், இதற்குமேல் பிளந்தால் இது பொன்னாக இராது என்னும் ஒரு நிலை வந்து சேரும். அக்கடைசித் துணுக்குத்தான் பொன்னின் அணு. ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்குள் இத்தகைய அணுக்கள் சுமார் 35 லட்சத்தை வரிசையாக அடுக்கி வைக்கலாம். எட்டு கிராம் பொன்னில் எத்தனை அணுக்கள் என்று அறிய வேண்டுமாயின், 24 என்று எழுதி அதன் பின்னே 21 சுழிகளை இட வேண்டும்.

பொருள்கள் யாவும் நுண்ணிய துகள்களால் ஆனவை என்று நம் நாட்டு வைசேஷிகரும் கிரேக்க நாட்டு டெமாக்ரிட்டஸும் பண்டை நாளிலேயே கருதினர். அது சிந்தனையின் வலிமையால் பிறந்த கருத்து. நிறுத்தும் அளந்தும் அதற்கு ஆதாரம் தேடியவர்களுள் முதன்மையானவர், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த பள்ளி ஆசிரியரான ஜான் டால்டன். 1808-இல் அவர் தம் நூலை வெளியிட்டபோது, அணுவைப் பிளக்க இயலாது என்றே எண்ணினார். அக்கொள்கை 90 ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் என்பவர், காற்றை அகற்றிய கண்ணாடிக் குழாயினுள் மின்சாரத்தைச் செலுத்தும்போது தோன்றும் கதிர்களை ஆராய்ந்தார். அவை அணுவினும் மிகச் சிறிய துகள்களின் ஓட்டம் என்று கண்டார். குழாயினுள் எந்த உலோகத்தை வைத்தாலும் அதே துகளே வெளிப்பட்டது. எதிர் மின்சாரம் பெற்ற அத்துகளே எலக்ட்ரான். மிக இலேசான ஹைட்ரஜன் அணுவின் எடையிலும் அது ஏறத்தாழ 1,800-இல் ஒரு பங்குதான். ஆகவே அணுவுக்கும் உறுப்புகள் உண்டு என்பது தெளிவாயிற்று. லட்டு உருண்டையில் திராட்சை பதிந்திருப்பதுபோல, நேர் மின்சாரம் பரவிய ஓர் உருண்டையில் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்று தாம்சன் கருதினார்.

இக்கருத்தைச் சோதித்தவர் அவருடைய மாணவராயிருந்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. சோதனைக்கு உதவியது, வியப்பாக, பொன்னேதான்! அடிக்க அடிக்க மெலிந்து நீளும் இயல்பு பொன்னுக்கு உண்டன்றோ? மூச்சுப் பட்டாலே பறக்கும் அத்துணை மெல்லிய பொற்றகட்டின்மீது, ரேடியம் போன்ற பொருள்களிலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினர். 1909-இல் மான்செஸ்டரில் அவருடைய உதவியாளர்களான கைகரும் மார்ஸ்டெனும் இருட்டறையில் அமர்ந்து, திரையில் தோன்றும் ஒளிப்பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினர். பெரும்பாலான துகள்கள் தகட்டை ஊடுருவிச் சென்றுவிட்டன. ஆனால் பல்லாயிரத்தில் ஒன்று, வந்த வழியே திரும்பிற்று. வாயிலில் தொங்கும் மெல்லிய திரைச்சீலையின்மீது எறிந்த கல் எறிந்தவன் முகத்திற்கே திரும்பி வந்தால் எவ்வளவு வியப்போ அவ்வளவு வியப்பு அது.

ரூதர்ஃபோர்டு ஈராண்டு சிந்தித்து, 1911-இல் விடை கூறினார். அணுவின் எடை முழுவதும் அதன் நடுவே ஒரு சிறு புள்ளியில் செறிந்துள்ளது. நேர் மின்சாரமும் அங்கேயே உள்ளது. அப்புள்ளியே அணுக்கரு. தம் ஆசிரியரின் கொள்கை இதனால் வீழ்ந்ததே என்று அவர் தயங்கவில்லை. சோதனை சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

அணுக்கருவினுள் இருப்பது யாது? நேர் மின்சாரம் பெற்ற புரோட்டான்களும், மின்சாரமே இல்லாத நியூட்ரான்களும் அங்கு உள்ளன. புரோட்டானுக்கு அப்பெயரை 1920-இல் சூட்டியவர் ரூதர்ஃபோர்டே. நியூட்ரானை 1932-இல் கண்டறிந்தவர் ஜேம்ஸ் சாட்விக். இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே எடையுள்ளவை. பொன்னின் அணுவில் 79 புரோட்டான்கள், 118 நியூட்ரான்கள், கருவுக்கு வெளியே 79 எலக்ட்ரான்கள் உள்ளன. நேரும் எதிரும் சமமாக இருப்பதனாலேயே பொன்னைத் தொட்டால் மின்சாரம் நம்மைத் தாக்குவதில்லை.

அன்பர்கள் மனத்தில் இருத்த வேண்டிய எண் இந்த 79 ஒன்றேயாகும். ஒரு பொருள் பொன்னா, செம்பா, பாதரசமா என்பதை முடிவு செய்வது அதன் நிறமன்று, எடையன்று. கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே. 29 இருந்தால் செம்பு. 79 இருந்தால் பொன். 80 இருந்தால் பாதரசம். 82 இருந்தால் ஈயம். நியூட்ரான் சிறிது கூடினும் குறையினும் பெயர் மாறாது. இயற்கையில் கிடைக்கும் செம்பிலேயே 34 நியூட்ரான் உள்ள அணுவும் உண்டு, 36 உள்ள அணுவும் உண்டு, இரண்டும் செம்பே. இவ்வெண்ணே அணுவின் அடையாளம் என்பதை 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு நிறுவியவர் ஹென்றி மோஸ்லி என்னும் இளைஞர். முதல் உலகப் போரில் கலிப்போலி போர்க்களத்தில் 1915-இல் அவர் மாண்டபோது வயது 27.

இனி, இந்தக் கரு எவ்வளவு சிறியது என்பதைப் பார்ப்போம். பொன் அணுவின் கருவை ஒரு கடுகளவாகப் பெருக்கிக் காட்டினால், அணு முழுவதும் ஏறத்தாழ 40 மீட்டர் குறுக்களவுடையதாகும். அதாவது, இரண்டு ரயில் பெட்டிகளைச் சேர்த்து நிறுத்திய நீளத்திற்கு நடுவே ஒரு கடுகு. ஆயினும் அந்த அணுவின் எடையை 10,000 பங்காகப் பிரித்தால், எலக்ட்ரான்கள் அனைத்தும் சேர்ந்து இரண்டு பங்கே பெறும். எஞ்சியது முழுவதும் அக்கடுகின் எடை.

இங்கே ஒரு திருத்தம் கூற வேண்டும். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றுகின்றன என்று நாம் பள்ளியில் படம் வரைந்தோம். 1913-இல் நீல்ஸ் போர் கூறிய கொள்கையை ஒட்டிய படம் அது. 1920-களிலேயே விஞ்ஞானிகள் அதனைக் கடந்துவிட்டனர். எலக்ட்ரான் இன்ன பாதையில் செல்கிறது என்று கோடு கிழித்துச் சொல்ல இயலாது. இன்ன இடத்தில் இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்றே சொல்ல இயலும். கருவைச் சூழ்ந்த மேகம்போல் எண்ணிக்கொள்வது பொருந்தும். நம் குழந்தைகள் பழைய படத்தை வரைந்தால் இதனையும் சொல்லிக் கொடுப்போமாக.

புரோட்டானும் நியூட்ரானும்கூடப் பிளவுபடாதவை அல்ல. ஒவ்வொன்றும் குவார்க்குகள் எனப்படும் மூன்று நுண்துகள்களின் சேர்க்கை என்று 1964-இல் கெல்மன், சுவைக் என்னும் இருவர் தனித்தனியே கூறினர். 1968-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சோதனைகள் அதற்குச் சான்று தந்தன. எலக்ட்ரானுக்கு உள்ளுறுப்பு இருப்பதாக இன்றுவரை எச்சோதனையிலும் தெரியவில்லை.

இப்பொழுது அம்மையாரின் முதற்கேள்விக்கு வருவோம். பால் தயிராவது எங்ஙனம்? பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் புளிப்புப் பொருளாக மாற்றுகின்றன. ஆனால் பாலில் இருந்த கரி, ஹைட்ரஜன், பிராணவாயு அணுக்களே தயிரிலும் உள்ளன. சேர்க்கை மட்டுமே மாறிற்று. மண் இரும்பாவது எங்ஙனம்? இரும்புத் தாதுவில் இரும்பு அணு முன்பே உள்ளது. அதைப் பற்றியிருந்த பிராணவாயுவை உலையிலுள்ள கரி பிடுங்கிக்கொள்கிறது. நம் ரயில் யார்டில் நடக்கும் ஷண்டிங்கைப் போன்றது இது. பெட்டிகளைக் கழற்றி மாற்றிக் கோத்தால் வேறொரு வண்டி உருவாகிறது. ஆனால் எத்தனை முறை ஷண்டிங் செய்தாலும் சரக்குப் பெட்டி எஞ்சினாகிவிடுவதில்லை.

அடுப்பு நெருப்பும், புளியும், திராவகமும், பச்சிலையும் செய்யும் வேலை எல்லாம் அணுவின் வெளிப்புறத்து எலக்ட்ரான்களோடு முடிந்துவிடுகிறது. அவை கருவை எட்டுவதேயில்லை. பொன் அணுவிலிருந்து வெளிப்புற எலக்ட்ரான் ஒன்றை நீக்க வேண்டிய ஆற்றலைப்போல் சுமார் ஆறு லட்சம் மடங்கு ஆற்றல், அதன் கருவிலிருந்து ஒரு புரோட்டானை நீக்க வேண்டும். பொன் உருகுவது 1,064 டிகிரி செல்சியஸில். சூரியனின் நடுவிலே ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம். அங்கும் ஹைட்ரஜன் ஹீலியமாகிறதேயன்றிப் பொன் விளைவதில்லை. சூரியனால் ஆகாததைக் கரியடுப்பு செய்யுமா?

பாதரசத்துக்கும் பொன்னுக்கும் வேற்றுமை ஒரே ஒரு புரோட்டான்தானே, எவ்வகையிலும் இயலாதா என்று கேட்கலாம். இயலும், மறைக்க வேண்டுவதில்லை. 1941-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் பாதரசத்தின்மீது வேகமான நியூட்ரான்களைப் பாய்ச்சிப் பொன் அணுக்களை உண்டாக்கினர். ஆனால் அவை கதிர்வீசி மீண்டும் பாதரசமாகும் இயல்பின. ஜெனீவா நகரருகே செர்ன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று பூமிக்கடியில் இருக்கிறது. அங்கே 2015 முதல் 2018 வரை ஈய அணுக்கருக்களை எதிரெதிரே ஓட்டியபோது, சில கருக்கள் மும்மூன்று புரோட்டான்களை இழந்து பொன்னாயின. 2025-இல் அதன் கணக்கை வெளியிட்டனர். உண்டானவை சுமார் 8,600 கோடிக் கருக்கள். எடையோ ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் 29 பங்கு! அதுவும் கணப்பொழுதில் சிதைந்துபோயிற்று. ஒரு சவரன் வேண்டுமாயின் அதனைப்போல் 27,000 கோடி மடங்குக்கு மேல் வேண்டும்.

அங்ஙனமாயின் நம் வீட்டுப் பொன் எங்கிருந்து வந்தது? அது பூமி தோன்றுவதற்கு முன்பே விண்வெளியில் உண்டானது. நியூட்ரான் விண்மீன்கள் எனப்படும், எடை மிகுந்த இரு விண்மீன் எச்சங்கள் மோதும்போது பொன் போன்ற பளுவான தனிமங்கள் உண்டாகின்றன என்பதற்கு, 2017 ஆகஸ்டில் கண்ட ஒரு மோதல் வலுவான சான்று தந்தது. மனிதன் பொன்னைச் செய்யவில்லை, தோண்டித்தான் எடுத்தான்.

தோண்டியவர்கள் யார் என்பதை நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் மறக்கலாகாது. மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலில் 1880-களில் தொடங்கி 2001-இல் சுரங்கம் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் மக்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்திற்கு, வெப்பத்திலும் கல்தூசியிலும் இறங்கி, டன் கணக்கான பாறையை உடைத்துச் சில கிராம் பொன் எடுத்தார்கள். பாறை வெடித்து மாண்டவர்களும் உண்டு. தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் உண்டு. பாதரசமும் பச்சிலையும் போதுமாயின், அத்தனை ஆயிரம் பேர் அந்தப் பாதாளத்திற்கு ஏன் இறங்கியிருக்க வேண்டும்?

அச்சுரங்கம் அணுவிற்குட்பட்ட துகள்களின் வரலாற்றிலும் இடம் பெற்றது. நியூட்ரினோ என்னும் துகள் மின்சாரமற்றது; பூமியையே ஊடுருவிச் செல்வது. வானிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோக்களின் அடையாளத்தை, இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவிகளை நிறுவி, 1965-இல் கண்டனர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பான், இங்கிலாந்து நாடுகளின் விஞ்ஞானிகளும் கூடிச் செய்த பணி அது. மற்றத் துகள்களை மேலுள்ள பாறை தடுத்துவிட, நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வருவதனால் அவ்வாழம் வேண்டியதாயிற்று. அவ்வாழத்தைத் தோண்டி வைத்தவர்கள் நம் தொழிலாளர்களே.

இனி இரண்டாவது கேள்வி. மூசையின் அடியில் கிடந்தது பொன்தானா? ஆம், அம்மையாரே, பொன்தான். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, தங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை. ஆனால் அது மூசைக்குள் செல்லும்போதே பொன். பாதரசத்திற்குப் பொன்னைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் இயல்பு உண்டு. சிறிதளவு பொன் கரைந்திருந்தாலும், வெளியே பார்த்தால் வெள்ளி நிறமான பாதரசமாகவே தோன்றும். சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பறந்துவிடும். கரைந்திருந்த பொன் அடியில் தங்கும். 79 என்பது அங்கே பிறக்கவில்லை, ஒளிந்திருந்து வெளிப்பட்டது. பச்சிலை வெறும் வேடிக்கை.

நாள்தோறும் நிறுவையோடு பழகும் தொழில் எமது. ஆதலால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவன் ஊற்றிய பாதரசத்தை முதலிலும், எஞ்சிய பொடியைப் பின்னரும் நிறுத்துப் பார்த்திருந்தால் உண்மை அப்பொழுதே விளங்கியிருக்கும். பாதரசம் பொன்னாக மாறியிருந்தால் எடை ஏறக்குறைய அப்படியே இருந்திருக்க வேண்டும். நூறு கிராம் போய் ஒரு சிட்டிகை மிஞ்சியது எனில், மற்றது எங்கே போயிற்று? அவ்வீட்டுக் காற்றிலே போயிற்று. பாதரச ஆவி கொடிய நஞ்சு. நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்கும். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பெருங்கேடு. ஆகவே எக்காரணத்தாலும் எவரும் வீட்டினுள் பாதரசத்தைச் சூடேற்ற இடங்கொடாதீர்கள்.

அம்மையார் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முதலில் தயங்கினார். ஊரார் நகைப்பார்களே என்ற நாணம். சங்கச் செயலாளரும் நாமும் உடன்சென்று புகாரைப் பதிவு செய்தோம். நாண வேண்டியவன் ஏமாற்றியவனேயன்றி ஏமாந்தவர் அல்லர். அவன் வேறு ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் வாயிலிலும் நிற்கக்கூடும். நம் மொழியில் பேசினான் என்பதற்காக நம்பிவிட வேண்டாம், மந்திரமோ மூலிகையோ பொன் தரும் என்று எவன் சொன்னாலும், "உன் நெருப்பு அணுக்கருவை எட்டுமா?" என்று கேளுங்கள். இப்பக்கத்தை வீட்டிலுள்ள பெரியோர்க்கும் படித்துக் காட்டுங்கள்.

அம்மையாரின் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். இக்கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டினோம். அந்த 118 நியூட்ரான்களும் எதற்கு, நேர் மின்சாரம் பெற்ற 79 புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறாமல் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை அடுத்த இதழில்.